கையெழுத்தும் தலைமுறையும்

எழுத்தோடு எழுத்தைத் தொடுத்தெழுதும் கூட்டெழுத்தைப் பிள்ளைகளுக்கு இனியும் கற்பித்தல் வேண்டுமா என்னும் வினா இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. கணினி கைக்கு வந்தபின் அப்பயிற்சி வீண் உழைப்பு என்பர் ஒரு சாரார். இதற்கு விடை காண விழைவோர் ஜேர்மனியின் வரலாற்றை நோக்குதல் நன்று.

ஜேர்மானியர் பல நூற்றாண்டுகளாகத் தமக்கேயுரிய கூட்டெழுத்தொன்றை வழங்கிவந்தனர். சாய்ந்தும் கோணல்கள் மலிந்தும் இருந்த அவ்வெழுத்து, கூரிய பேனாவை அழுத்தியும் தளர்த்தியும் எழுதினாலன்றி வடிவுபெறாது. இளம் பிள்ளைகளின் கைக்கு அது எளிதன்று. ஆதலின், அதனை எளிமையாக்கும் பணியைப் பிரசிய அரசு 1911ஆம் ஆண்டில் லுட்விக் சுற்றர்லின் என்னும் ஓவியரிடம் ஒப்புவித்தது. அவர் எழுத்துக்களை நிமிர்த்திக் கோடுகளை ஒரே தடிப்பாக்கினார். 1915 முதல் பிரசியப் பள்ளிகளிற் புகுந்த அவ்வெழுத்து, பின்னர் நாடெங்கும் பரவிற்று.

1941இல் நிலை மாறிற்று. பழைய ஜேர்மானிய அச்செழுத்து யூதருடையதென்று பொய்க்காரணங் கூறி, ஹிட்லரின் அரசு அதனை விலக்கிற்று. அவ்வாண்டு செப்டெம்பரிற் பிறந்த மற்றோர் ஆணையாற் பள்ளிகளிற் பழைய கையெழுத்தும் நின்றது. இலத்தீன் வடிவமே கற்பிக்கப்பட்டது.

எவரும் பழைய கடிதங்களை எரித்திலர், மொழியும் மாறிற்றில்லை. ஆயினும், போர்க்களத்திலிருந்து வந்த கடிதங்களும், பாட்டிமாரின் சமையற் குறிப்புகளும், தேவாலயப் பதிவேடுகளும் பேரப்பிள்ளைகளுக்கு ஊமையாயின. அவ்வெழுத்தறிந்த முதியோர் ஹம்பேர்க் நகரிலே ஒருங்குகூடி, பிறர் கொணரும் கடிதங்களை வாசித்துப் பெயர்த்தெழுதிக் கொடுக்கலாயினர். தன் பாட்டனாரின் கடிதத்தை அயலாரிடம் கொடுத்து வாசிப்பித்தல் எத்துணை இரங்கத்தக்கது!

அமெரிக்காவிலே 2010ஆம் ஆண்டில் வெளிவந்து பல மாநிலங்கள் ஏற்ற பொதுக் கல்வி நியமங்களிற் கூட்டெழுத்து இடம்பெறவில்லை. கலிபோர்ணியா மாநிலமோ 2023இற் சட்டமியற்றி, ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அதனை மீண்டும் விதித்தது.

தமிழர்க்கும் இது புதிதன்று. புள்ளியிடாது கீறப்பட்ட ஓலையெழுத்தை வாசிக்க வல்லார் இருந்தமையாலேயே, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது. அவ்வாற்றல் முன்னரே அற்றிருப்பின், ஏடுகள் இருந்தும் இல்லாதனவேயாம்.

ஓர் எழுத்தைக் கைவிடும் ஆணை ஒரு நாளிற் பிறக்கின்றது. அதன் இழப்பையோ மூன்றாந் தலைமுறை சுமக்கின்றது. நாள்தோறும் எழுதிப் பழக்க நேரமில்லையெனின், முன்னோர் எழுதியதை வாசிக்கவேனும் பிள்ளைகளைப் பழக்குதல் பள்ளியின் கடனாகும்.