கோணல் கோடும் கொறடா உத்தரவும்

திருவள்ளூர் மாவட்ட வரைபடத்தைப் பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். திருத்தணிக்கு வடமேற்கே பள்ளிப்பட்டு வட்டம், ஆந்திரத்துக்குள் விரலை விட்டதுபோல் நீண்டு கிடக்கும். தறிச் சத்தம் ஓயாத பொதட்டூர்பேட்டை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்து நகரியும் புத்தூரும் ஆந்திரம். கோடு இப்படிக் கோணிக்கொண்டு போவதைப் பார்த்தால் யாரோ கைவரிசை காட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்படி ஒரு கைவரிசை நடந்தது. ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி கையெழுத்திட்ட தொகுதிப் பிரிவினையில், அவர் கட்சிக்கு வசதியாக வெட்டி ஒட்டிய ஒரு தொகுதி சலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் உருவில் நெளிந்தது. ஆளுநர் பெயரையும் பிராணியின் பெயரையும் சேர்த்துப் பத்திரிகை உலகம் ‘ஜெரிமாண்டர்’ என்று பெயர் வைத்தது. அந்த வேலைக்கு இன்றும் அதுதான் பெயர். பள்ளிப்பட்டின் கோணலுக்குக் காரணம் வேறு. இங்கே மக்கள் பேசும் மொழியைக் கிராமம் கிராமமாகப் பார்த்துக் கோடு போட்டார்கள். கிராமங்கள் நேர்கோட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே கோணலை மட்டும் வைத்து ஒரு கோட்டைக் குற்றம் சொல்ல முடியாது. யார் போட்டார், எதை அளவாக வைத்தார், போடும்போது தடுத்துக் கேட்க ஆள் இருந்ததா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதை நாம் அதிகம் பேசுவதில்லை. எல்லைக் கோடாக இருந்தாலும் தொகுதிக் கோடாக இருந்தாலும், பென்சிலைப் பிடித்திருக்கும் அதிகாரம் சற்றே கை தளர்த்துவது, அதன் சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளிக்கும்போதுதான். ‘கோஷ்டிப் பூசல்’ என்று நாம் ஏளனம் செய்யும் சங்கதிக்கு இப்படி ஒரு பயன் உண்டு.

1900இல் பொதட்டூர்பேட்டையில் பிறந்த ஒரு நெசவாளரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்தபோது அவர் வடஆற்காடு மாவட்டத்துக்காரர். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது சித்தூர்க்காரர் ஆனார். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலத்தவர், 1956 நவம்பர் 1இல் ஆந்திரப் பிரதேசத்தவர். 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தவர். குழித்தறியில் இறங்கிய கால் இறங்கியபடியே இருக்க, மேலே முகவரி மட்டும் மாறிக்கொண்டிருந்தது. அவர் பேரன் காலத்தில், 1997இல், அது திருவள்ளூர் மாவட்டம் என்று இன்னொரு முறை மாறியது. இந்த மாற்றங்களில் எதற்கும் அவரிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. அரசியல் சட்டத்தின் 3ஆம் பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு மாநிலத்தின் எல்லையை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். குடியரசுத் தலைவரின் பரிந்துரை, அதாவது மத்திய அமைச்சரவையின் விருப்பம், முதலில் வேண்டும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. கருத்துச் சொல்ல இத்தனை நாள் என்று கெடு விதிக்கும் அதிகாரத்தையும் 1955இல் ஐந்தாவது திருத்தம் கொடுத்துவிட்டது. நிர்வாக அதிகாரம் என்பதன் முழு உருவம் இது.

அப்படியானால் பொதட்டூர்பேட்டையோடு திருத்தணி எப்படித் திரும்பி வந்தது? டெல்லியில் நேரு, சென்னையில் ராஜாஜி, பிறகு காமராஜர். ஆந்திரத்திலும் பெரும்பாலும் காங்கிரஸ் ஆட்சிதான். ஒரே கொடி. ஆனால் அந்தக் கொடிக்குக் கீழே ஒரே குரல் இருக்கவில்லை. ம.பொ.சிவஞானம் 1946இல் தமிழரசுக் கழகத்தைத் தொடங்கியபோது காங்கிரஸ்காரர். வடக்கெல்லைக்காக மறியல் செய்து சிறைக்குப் போனபோதும் காங்கிரஸ்காரர். கட்சியும் அவரும் பிரிந்தது 1954இல்தான். திருத்தணி வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிகளை நடத்திக்கொண்டு போராட்டத்துக்கு அடித்தளம் போட்டவர் மங்கலங்கிழார். அங்கே முன்னணியில் நின்றவர் வழக்கறிஞர் கே.விநாயகம். ஆந்திரத்துக்குச் சென்னையைத் தற்காலிகத் தலைநகராகவாவது கொடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, டெல்லியின் கட்சியைச் சேர்ந்த முதலமைச்சர் ராஜாஜியே குறுக்கே நின்றார். அவர் நின்ற இடமும் உறுதியான இடமில்லை. 1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. முன்னாள் காங்கிரஸ் முதலமைச்சர் பிரகாசம் எதிர்வரிசையில் ஒரு முன்னணியைத் திரட்டிக்கொண்டு ஆட்சிக்கு உரிமை கோரினார். தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து முதலமைச்சர் ஆக்கியதும் நிர்வாக அதிகாரத்தின் இன்னொரு விளையாட்டு. அந்த அதிகாரத்தால் பதவிக்கு வந்தவரே மேலிடத்துக்குப் பிடிக்காததைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1953 மார்ச்சில் சென்னை ஆந்திரத்துக்கு இல்லை என்று நேரு அறிவித்தார்.

திருத்தணிக்கு இன்னும் ஏழு ஆண்டுகள் ஆயின. எல்லைத் தகராறுக்கு நடுவராக இருந்த படாஸ்கர் 1957இல் அளித்த தீர்ப்பு, 1959இல் சட்டமாகி 1960இல் நடைமுறைக்கு வந்தது. அதன் சிறப்பு அதன் அளவுகோலில் இருந்தது. வட்டத்தையோ மாவட்டத்தையோ மொத்தமாகத் தூக்கிக் கொடுக்காமல், கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மையினர் பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்தார்கள். சித்தூர் மாவட்டத்திலிருந்து 319 கிராமங்கள் இந்தப் பக்கம் வந்தன. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து 151 கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. அப்படிப் போன பகுதியில் ஒன்று சத்தியவேடு. இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலைச் சங்கு ஊதினால், எல்லைக்கு அந்தப் பக்கம் சத்தியவேட்டை ஒட்டிய ஸ்ரீசிட்டியில் இன்னொரு ஆலையின் ஷிப்டு மாறுகிறது. இரண்டையும் பிரிக்கும் கோட்டுக்கும் பள்ளிப்பட்டின் கோணலுக்கும் விதி ஒன்றே. தனக்குச் சாதகமான இடத்தில் மட்டும் பேசாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டியதால்தான், இழந்தவர்களும் அந்தத் தீர்ப்போடு வாழப் பழகினார்கள். திருப்பதியும் சித்தூரும் கிடைக்காத வருத்தம் ம.பொ.சி.க்குக் கடைசிவரை இருந்தது. அது வேறு கணக்கு.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஆந்திரத்தைப் பெற்றுத் தந்தது 58 நாள் உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் உயிர்விட்ட பொட்டி ஸ்ரீராமுலு. திருத்தணியைப் பெற்றுத் தந்தவர்கள் மறியல்காரர்களும், போராட்டத்தில் உயிரிழந்த கோவிந்தசாமி, பழனிமாணிக்கம் போன்றவர்களும். தெருவில் நடந்ததற்குக் கட்சிக்குள் நடந்த பூசலைக் காரணம் காட்டலாமா? தெருவின் பங்கை யாரும் குறைக்க முடியாது. ஆனால் தெருவில் எழுந்த குரல்கள் எல்லாம் பலித்துவிடவில்லை என்பதும் வரலாறு. தெற்கெல்லையில் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தாய்க்கட்சியிலிருந்து முறித்துக்கொண்டு சட்டமன்றத்தில் தனி அணியாக நின்றது. அந்த அணி வலுவாக இருந்த தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956இல் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் தலைமை அவற்றுக்காக டெல்லியோடு மோதத் தயாராக இல்லை. தெரு கதவைத் தட்டலாம். தாழ்ப்பாளை உள்ளேயிருந்து ஒருவர்தான் நீக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இன்னும் கூர்மையானது. கோஷ்டிக்காரர்கள் கொள்கைக்காகவா சண்டை போடுகிறார்கள்? பதவிக்காகத்தானே? பெரும்பாலும் உண்மை. பிரகாசத்தின் கோபத்தில் முதலமைச்சர் நாற்காலியும் கலந்திருந்தது. ஆனால் நோக்கம் தூய்மையாக இருந்தால்தான் பலன் நல்லதாக இருக்கும் என்று அரசியலில் விதி கிடையாது. தலைமைக்குக் கட்டுப்படாமல் பத்துப் பேர் நிற்கக்கூடும் என்ற அச்சமே தலைமையை யோசிக்க வைக்கிறது.

அண்மைய சான்று அமெரிக்காவிலேயே கிடைக்கிறது. அங்கே தொகுதிகளைப் பல மாநிலங்களில் சட்டமன்றமே பிரிக்கிறது; வழக்கமாகப் பத்தாண்டுக்கு ஒரு முறை, கணக்கெடுப்புக்குப் பிறகு. 2025இல் டிரம்ப் அந்த வழக்கத்தை மீறி, நடுவிலேயே கோடுகளை மாற்றித் தன் கட்சிக்கு இடங்களைக் கூட்டும்படி குடியரசுக் கட்சி மாநிலங்களை நெருக்கினார். டெக்சாஸ் ஐந்து இடங்களைக் குறிவைத்துப் புது வரைபடம் போட்டது. கலிபோர்னியாவில் ஜனநாயகக் கட்சி மக்கள் வாக்கெடுப்பு நடத்திப் பதிலுக்குப் போட்டது. நீதிமன்றமும் கைகொடுக்காது: கட்சி லாபத்துக்காகத் தொகுதி பிரிப்பதைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019லேயே சொல்லிவிட்டது. மிச்சம் இருந்த தடை ஒன்றே ஒன்று. டிசம்பர் 11 அன்று இந்தியானா மாநில செனட் புதிய வரைபடத்தை 31க்கு 19 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. அந்த 31 பேரில் 21 பேர் டிரம்பின் சொந்தக் கட்சிக்காரர்கள். எதிர்ப்பவர்களை அடுத்த உட்கட்சித் தேர்தலில் தோற்கடிக்கப்போவதாக அவர் எச்சரித்திருந்தார், மிரட்டல்களும் வந்தன. அப்படியும் வாக்களித்தார்கள். வாக்களித்த மறுநாளும் அவர்கள் செனட்டர்களாகவே இருந்தார்கள்.

அந்தக் கடைசி வாக்கியம் நமக்குப் பொருந்தாது. 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கலாம். இந்தியானாவின் 21 பேர் இந்திய உறுப்பினர்களாக இருந்திருந்தால், கட்சி மன்னித்தாலொழிய, தகுதி நீக்க மனு அவர்களைத் துரத்தியிருக்கும். இந்தச் சட்டத்துக்குக் காரணம் இருந்தது. 1967இல் அரியானாவில் கயாலால் நாளொரு கட்சியாகத் தாவியதைப் பார்த்தவர்கள் கட்சித்தாவலுக்குக் கடிவாளம் கேட்டதில் தவறில்லை. ஆனால் விலைபோகிறவரைக் கட்டப் போட்ட கயிறு, மனசாட்சியோடு மறுக்கிறவரையும் சேர்த்துக் கட்டிவிட்டது. நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் இந்தத் தண்டனை போதும் என்று 1990லேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. யாரும் காது கொடுக்கவில்லை. எந்தத் தலைமைக்குத்தான் தன் கொறடாவைப் பலவீனமாக்க மனம் வரும்?

இந்தியாவில் தொகுதி மறுவரையறைக்கென்று தனி ஆணையம் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்க முறையைவிட நம் ஆணைய முறை மேலானது என்பதில் ஐயமில்லை. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் வரைவை வெளியிட்டு, மக்கள் கருத்தைக் கேட்டுத்தான் 2008இல் வேலையை முடித்தது. ஆனாலும் பொதட்டூர்பேட்டை அதில் என்ன ஆனது என்று பாருங்கள். பள்ளிப்பட்டு என்ற சட்டமன்றத் தொகுதியே மறைந்து திருத்தணியில் கரைந்தது. திருத்தணியோ நாடாளுமன்றத்துக்கு அரக்கோணம் தொகுதியில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகம் திருவள்ளூரில், எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு காட்பாடி வாக்கோடு சேர்த்து எண்ணப்படுகிறது. ஆணையத்தில் துணை உறுப்பினர்களாக உட்காரும் மக்கள் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமை கிடையாது. ஆணை வெளியான பிறகு நீதிமன்றம் போகும் வழியும் மிகக் குறுகல். ஆணையத்தின் அளவுகோலை முடிவு செய்வது நாடாளுமன்றம்; அங்கே கொறடா.

வாதத்துக்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. 41 எம்.பி.க்கள் இருந்த தமிழ்நாட்டுக்கு 1967இல் 39 ஆனது. மேலும் குறையாமல் காத்தது, மாநிலங்களின் இடங்களை மாற்றிப் பங்கிடுவதற்கு 1976இல் 42ஆவது திருத்தம் போட்ட தடை. அது நெருக்கடி நிலைக் காலம். காங்கிரசுக்குள் மறுத்துப் பேச ஆள் இல்லாத காலம். எதிர்ப்பே இல்லாத அதிகாரம் நமக்கு நன்மை செய்த தருணம் அது. உண்மைதான். ஆனால் அந்த நன்மை கெடு வைத்துக் கொடுத்த நன்மை: முதலில் 2001 வரை, பிறகு 84ஆவது திருத்தத்தால் 2026க்குப் பின் வரும் முதல் கணக்கெடுப்பு வரை. கேட்காமல் கொடுத்த கை கேட்காமலே எடுத்துக்கொள்ளவும் முடியும். தொகுதி மறுவரையறை பற்றிப் பேச 2025 மார்ச் 5இல் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டத்தின் பதற்றம் அதிலிருந்து பிறந்தது.

அந்தக் கூட்டம் ஒரு மாநிலத்தின் குரல். தொகுதி மறுவரையறைச் சட்டம் வாக்கெடுப்புக்கு வரும் நாளில் ஆளும் வரிசையிலிருந்து, எந்தக் கட்சியின் ஆளும் வரிசையானாலும் சரி, ஒருவர் எழுந்து ‘இந்தக் கோட்டுக்கு அளவுகோல் எது?’ என்று கேட்க முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி. 1953இல் அப்படிக் கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டதற்காகப் பதவி பறிபோகும் சட்டம் அன்று இல்லை. பள்ளிப்பட்டு விரலின் ஒவ்வொரு வளைவும் அப்படி யாரோ கேட்டதற்குக் கிடைத்த பதில்.

(தொடரும்)