மடையும் கயிலும் கொக்குவாயும்
பழந்தமிழ் அணிகலப் பூட்டுவாய் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பழந்தமிழர் அணிகலன்களைப் பற்றி எழுதுவோர் அவற்றின் பெயரையும் பொன்னையும் மணியையும் உருவத்தையும் விரித்துரைக்கக் காண்கின்றோம். அவ்வணி உடலின்கண் எங்ஙனம் நிலைபெற்றது, எங்ஙனம் பூட்டப்பெற்றது, எங்ஙனம் களையப்பெற்றது என்னும் வினாக்களோ மிக அருகியே எழுகின்றன. பூட்டுவாய் சிறிய உறுப்பு. அணிந்தார்மாட்டுப் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாதது. ஆயினும் அணியின் இருப்பும் இழப்பும் அதனையே பற்றி நிற்கின்றன. கையணிகளுள் பூட்டுவாய் உடையனவும் இல்லனவும் என இருவகை உண்டு. இவ்வேறுபாட்டை நோக்காது வளை, தொடி, கடகம் என்பனவற்றையெல்லாம் ‘கையணி’ என்னும் ஒரு சொல்லால் உரைத்துச் செல்வோமாயின், அகத்துறை ஒன்றும் புறப்பாட்டுச் செய்தி ஒன்றும் கல்வெட்டுக் கணக்கு ஒன்றும் பொருள் மங்கிவிடும். இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பூட்டில்லாத வளை

தலைவனைப் பிரிந்த தலைவியின் வளை நெகிழ்ந்து வீழ்தல் அகப்பாடல்களில் பலகாலும் வருவதோர் செய்தி. திருக்குறளில் உறுப்புநலனழிதல் என்னும் அதிகாரத்தில் 1234, 1235, 1236 ஆகிய குறள்கள் தொடி கழலுதலையும் நெகிழ்தலையும் கூறுகின்றன. பிரிவாற்றாமை அதிகாரத்து 1157-ஆம் குறள், முன்கையினின்று கழலும் வளையே தலைவன் பிரிவை ஊரறியத் தூற்றுவதாக அமைந்துள்ளது. இதனைப் புலவர்தம் மிகைக்கூற்று என்று தள்ளிவிடுவாரும் உளர். வளையின் அமைப்பை அறிந்தார்க்கு இஃது இயல்பாகவே தோன்றும்.

பூட்டில்லாத வளை முழுவட்டமானது. அது விரல்களையும் புறங்கையின் அகன்ற எலும்பையும் கடந்தே மணிக்கட்டை அடைதல் வேண்டும். ஆகவே அதன் அளவு மணிக்கட்டின் அளவன்று. குவித்த கையின் அளவேயாம். கையைக் கடந்து உட்புக்கபின் அவ்வளை மணிக்கட்டில் தளர்வாகவே இருக்கும். மேலே ஏற்றிச் செறித்தவிடத்து முன்கையின் தசையே அதனைத் தாங்கும். தசை குறையின் தாங்குவார் இல்லை, வளை இறங்கும், கை தாழ்ந்தவழிக் கழன்று வீழும். உடல் மெலிவை அளந்து காட்டும் கருவியாகவே வளை நின்றது எனலாம்.

சங்கினால் ஆகிய வளைக்கு இதுவன்றி வேறு வழியும் இல்லை. சங்கை வாளரத்தால் குறுக்கே அறுத்து வட்டமாக எடுப்பர். இத்தொழிலை அகநானூற்றின் 24-ஆம் பாட்டுச் சுட்டுகின்றது. மதுரைக்காஞ்சியும் சங்கறுத்து வளை கடைவாரை மதுரை நகரத் தொழிலாளருள் வைத்து எண்ணுகின்றது. சங்கின் பருமையே வளையின் அளவை வரையறுத்துவிடும். அறுத்தெடுத்த வட்டம் வளைந்து கொடாது; பிளந்து பூட்டமைப்பதும் எளிதன்று.

இவ்வணிகட்குப் புலவர் ஆளும் வினைச்சொற்களும் நோக்கற்பாலன. செறிதல், நெகிழ்தல், கழலுதல், உடைதல் என்பனவே இவற்றிற்கு உரியன. கணவனை இழந்த மகளிர் தொடி களைதலைப் புறப்பாடல் ‘கழி’ என்னும் சொல்லாலேயே கூறும். மணத்திற்கு முன் மகளிர்க்குச் செய்யும் நோன்பும் ‘சிலம்புகழி நோன்பு’ எனப் பெயர் பெற்றது. கழித்தல் என்பது உறுப்பின் வழியே இழுத்து நீக்குதல். பூட்டுதல், பிணித்தல், அவிழ்த்தல் என்னும் சொற்கள் வேறோர் அமைப்பைக் கருதியன. இவ்விருவகை வினைகளையும் பிரித்தறிந்து கொள்வாராயின், ஓர் அணியின் பூட்டு கூறப்படாதவிடத்தும் அதன் அமைப்பை ஒருவாறு உய்த்துணரலாம்.

2. நள்ளியின் கடகம்

பூட்டுடைய கையணிக்குச் சங்க இலக்கியத்துள் தெளிவான சான்று புறநானூற்றின் 150-ஆம் பாட்டாகும். வன்பரணர் பாடிய அப்பாட்டின் செய்தி வருமாறு: வழிநடந்து இளைத்த புலவர் கந்தை உடுத்துக் காட்டில் ஒரு பலாமரத்தடியில் அமர்ந்திருக்கின்றார். வேட்டைக்கு வந்த தோன்றல் ஒருவன் அவரைக் காண்கின்றான். தானே தீக்கடைந்து ஊனைச் சுட்டு அவர்க்கும் அவர் சுற்றத்தார்க்கும் அளிக்கின்றான். அவர்கள் உண்டு, அருவிநீர் பருகி, விடைபெறும்பொழுது, காட்டில் வாழும் தமக்கு வேறு நல்ல கலம் இல்லை என்று கூறி, மார்பில் அணிந்த ஆரத்தையும் முன்கையில் அணிந்த கடகத்தையும் கொடுக்கின்றான். நாடும் பெயரும் வினவியபொழுது அவன் கூறவில்லை. தோட்டி மலைக்குரிய நள்ளி அவன் என்பதைப் புலவர் பின்னர் வழியிற் பிறர் சொல்லக் கேட்டறிகின்றார்.

அக்கடகத்திற்குப் புலவர் தரும் அடை ‘மடைசெறி’ என்பது. மடை என்பதற்கு ஈண்டு அணியின் கடைப்பூட்டு என்று பொருள் கொள்வர். நீரைத் தேக்கவும் விடவும் அமைந்த மடையும் பெயரால் இதனோடு ஒத்தது. அடைத்தலும் திறத்தலும் இரண்டற்கும் பொதுவாதல் கருதத்தக்கது. மகளிர் வளையைச் செறிந்தது என்னும்பொழுது வளைக்கும் கைக்கும் உள்ள நெருக்கமே சுட்டப்படுகின்றது. இங்கோ செறிதல் மடையின்மேல் ஏற்றப்பட்டுள்ளது. இணையும் இருமுனைகளும் இடைவெளியின்றிப் பொருந்தின என்பதே கருத்தாகும்.

இவ்வடை பாட்டின் பொருளுக்கு இன்றியமையாதது என்பது எம் கருத்து. மடை செறிந்த கடகம் மணிக்கட்டின் அளவுக்கே அமைந்தது. வேட்டையாடுங்கால் வில்லை வலித்தும் புதரிற் புகுந்தும் கையை வீசியும் திரியும் ஒருவன் கையினின்று அது தானே கழலாது. கொடுக்க நினைத்தவன் மடையைத் திறந்தாலன்றி அது கைம்மாறாது. எனவே அக்கொடை அறிந்து, விரும்பி, பூட்டைத் தன் கையால் திறந்து செய்த கொடை. தலைவியின் வளை அவளது உள்ளத்தைக் கேளாமலே வீழ்கின்றது. நள்ளியின் கடகமோ அவன் உள்ளத்தின்வழியே நீங்குகின்றது. மடை என்னும் சிறுசொல்லை ‘அழகிய’ என்பதுபோன்ற வெற்றடையாகக் கொண்டு கடந்து செல்வோர் இவ்வேறுபாட்டை இழப்பர்.

3. கயில்

கழுத்தணியின் பூட்டைக் குறிக்கும் பழஞ்சொல் கயில் என்பது. பூணின் கடைப்புணர்வு என்றும் பிடர் என்றும் இச்சொல்லுக்கு இருபொருள் உண்டு. மாலையின் இருமுனைகளும் பிடரிலேயே கூடுதலின், இடத்தின் பெயரும் உறுப்பின் பெயரும் ஒன்றாயின எனக் கருதற்கு இடமுண்டு.

சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவியின் ஒப்பனை அடி தொடங்கி முடிவரை முறையாகக் கூறப்படுகின்றது. கைக்குச் சூடகமும் பொன்வளையும் பரியகமும் வெள்ளிய சங்கவளையும் பவழவளையும் கூறிய இளங்கோவடிகள், கழுத்தணிகளைக் கூறுங்கால் கயிலின் கடையினின்று தொங்கும் மணிக்கோவை முதுகின் மேற்புறத்தை மறைத்த அழகையும் கூறுகின்றார். பூட்டை மறைக்கவேண்டிய குறையாக எண்ணாது, அதுவே மற்றோர் அணி தொங்கும் இடமாக அமைத்தனர் என்பது இதனாற் பெறப்படும். அக்கோவைக்கு வேறொரு பயனும் இருந்திருத்தல் கூடும். முன்புறத்து ஆரத்தின் எடை பூட்டை மேல்நோக்கி இழுக்கும். பின்புறத்துத் தொங்கும் கோவை அதற்கு எதிரெடையாக நின்று பூட்டைத் தன்னிடத்தே நிறுத்தும். சோழர்காலச் செப்புத் திருமேனிகள் சிலவற்றின் பின்புறத்தில் கழுத்தணியினின்று இங்ஙனம் தொங்கல் வார்க்கப்பட்டிருத்தலைக் காண்பார் இளங்கோவடிகளின் கூற்றை நன்கு உணர்வர்.

4. கொக்குவாயும் படுகண்ணும்

கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் இவ்வாராய்ச்சிக்குப் பெருந்துணையாவன. தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாந் தொகுதியில் இவை பதிப்பிக்கப்பெற்றுள்ளன. அரசனும் அவன் தமக்கை குந்தவையாரும் தேவியரும் அளித்த அணிகள் அவற்றுள் ஒன்றொன்றாக எண்ணி எடைகூறப்பட்டுள்ளன. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும் மணியணிகளைத் ‘தக்ஷிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்தனர். 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. கோத்த சரடு, சட்டம், செப்பாணி முதலியவற்றை எடையினின்று நீக்குவதும் உண்டு.

ஏகவல்லி, திருவடம் முதலிய கோவையணிகளைக் கூறுமிடத்து முத்து, பவழம், இராசாவர்த்தம், தாளிம்பம் என்பவற்றோடு படுகண், கொக்குவாய் என்னும் இரண்டும் எண்ணப்படுகின்றன. கொக்குவாய் என்பது வளைந்த கொக்கி. படுகண் அக்கொக்கி சென்று மாட்டும் வளையம். கொக்கின் அலகுபோல் நீண்டு வளைந்தமையின் ஒன்று வாயாயிற்று. அது படும் துளையாதலின் மற்றொன்று கண்ணாயிற்று. தொழிலாளரின் சொல்லாக்கம் எத்துணைத் தெளிவும் சுருக்கமும் உடையது என்பதற்கு இவ்விரு சொற்களே சான்றாகும்.

கணக்கர் இவற்றைத் தனியே எழுதியதன் காரணம் எளிது. பூட்டு அற்றால் முத்து முழுவதும் சிதறும். பூட்டை மட்டும் மாற்றிக் குறைந்த பொன்னை வைப்பதும் எளிது. கல்லில் எண்ணும் எடையும் பொறித்துவிடின், பின்வருவார் நிறுத்துச் சரிபார்த்தல் கூடும். இலக்கியத்தில் அழகாகக் கூறப்பட்ட கயிலும், கல்வெட்டில் கணக்காகக் கூறப்பட்ட கொக்குவாயும் அணியின் ஒரே பகுதியைச் சார்ந்தவை.

5. கையணிப் பூட்டின் அருமை

கழுத்தணிக்குப் பொருந்தும் கொக்குவாய் கையணிக்கு அங்ஙனமே பொருந்துவதன்று. மாலையின் எடை கொக்கியை எப்பொழுதும் கண்ணில் இழுத்து நிறுத்தும். மணிக்கட்டிலோ அணி சுழலும். எடை ஒருபால் நில்லாது. இழுப்புத் தளர்ந்தவழிக் கொக்கி கண்ணினின்று வெளிப்படும். மேலும், மாலையைப் பூட்ட இருகைகளும் உதவும். கையணியை அணிவோர்க்குப் பூட்ட எஞ்சியிருப்பது ஒரு கையே. நற்பொன் மென்மையானதாதலின் மெல்லிய கொக்கி இழுக்கப்பட்டு நிமிரும் குறையும் உண்டு.

இவற்றை நோக்கியே கடகம், காப்பு முதலியவற்றில் ஆணிப்பூட்டு அமைத்தனர். வட்டத்தை இருகூறாக்கி ஒருபுறம் கீல் அமைத்து, மறுபுறத்து இருமுனைகளிலும் சிறு குழல்களைப் பற்றவைப்பர். மூடியபொழுது அக்குழல்கள் ஒன்றனிடை ஒன்று புகுந்து ஒரே துளையாக நிற்கும். அத்துளையில் ஆணியைச் செலுத்தினால் கடகம் பூட்டப்பெறும். இழுப்பு எப்பக்கத்தினின்று வரினும் ஆணியின் குறுக்கே தாக்குமேயன்றி அதனை வெளித்தள்ளாது. திருகாணியாயின் காவல் இன்னும் மிகும். ஆணி தொலையாதிருக்கச் சிறு சங்கிலியால் அதனை அணியோடு பிணித்தலும் உண்டு.

இனி அழகு. வட்டம் முறியும் இடத்தை மறைத்தற்குக் கலைஞர் கண்ட வழிகளுள் சிறந்தது வாயுருவம். யாளி அல்லது மகரத்தின் தலைகள் இரண்டை எதிரெதிரே அமைத்தால், பிளவு அவ்விரு வாய்களின் எல்லையாகிவிடும். காண்போர் அதனைப் பிளவென எண்ணார். சோழர் செப்புத் திருமேனிகளின் அரைப்பட்டிகையில் பூட்டின் இடத்தே சிம்மமுகம் விளங்குதலும் இந்நெறியே. திருமுருகாற்றுப்படை கூறும் தலையணியின் மகரப் பகுவாயும், கடலாடு காதை கூறும் வாளைமீனின் வாய்போன்ற மோதிரமும் வாயுருவத்தில் தமிழ்க் கலைஞர்க்கு இருந்த விருப்பைக் காட்டுவன. கொக்குவாய் என்னும் பெயரும் அவ்வினத்தைச் சார்ந்ததே.

முடிவுரை

மடை, கயில், கொக்குவாய், படுகண் என்னும் சொற்களுள் பல இன்று அகராதியளவில் நின்றுவிட்டன. கொக்கி, திருகாணி, சுரை என்பன பொற்பட்டறைகளில் வழங்குகின்றன. சொல் மாறினும் தொழிற்கூறு மாறவில்லை. ஆதலின் பழைய அணிப்பெயர்களை ஆராயப் புகும் மாணவர் உரையையும் நிகண்டையும் கல்வெட்டையும் கற்பதோடு, பட்டறையில் அமர்ந்து பொற்கொல்லர் ஒருவர் கடகத்திற்கு ஆணி செலுத்துவதையும் ஒருமுறை காணுதல் நன்று. வளை ஏன் வீழ்ந்தது, கடகம் ஏன் வீழாதிருந்தது என்பது அப்பொழுது ஐயமின்றி விளங்கும்.