தரிசு என்று எழுதப்பட்ட புல்வெளி

சளி பிடித்தால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது நீலகிரித் தைலம். அந்தத் தைலம் வரும் மரம் நீலகிரியுடையதே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மலைக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ், 1843-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கியது. சீகை மரமும் அங்கிருந்துதான். சினிமாவில் ஜோடிகள் ஓடிப்பிடித்து ஆடும் பைன் மரத்துக்குப் பூர்வீகம் மெக்சிகோ. இந்த மூன்றையும் கழித்துவிட்டால் ஊட்டி மேட்டுநிலத்தில் என்ன மிஞ்சும்? பெரும்பாலும் புல்தான். மடிப்பு மடிப்பாகப் புல்மேடுகள், நடுவே தண்ணீர் ஓடும் பள்ளங்களில் மட்டும் அடர்த்தியாகச் சோலைக்காடு.

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறியபோது கண்டது இந்த மலையைத்தான். அடுத்த சில ஆண்டுகளில் பங்களாக்கள் எழுந்தன, பட்டாளம் வந்தது. குளிருக்கு விறகு வேண்டும். பக்கத்துச் சோலைகளை வெட்டினார்கள். சோலை மரம் நிதானமாக வளர்வது, வெட்டிய வேகத்துக்கு அதால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1856-லிருந்து கற்பூர மரத்தைத் தோப்பு தோப்பாக நட ஆரம்பித்தார்கள். எங்கே? புல்வெளியில்தான். அவர்கள் கணக்கில் மரம் என்றால் காசு, பயிர் என்றால் வரி. புல் இரண்டும் தராது, ஆகவே அது தரிசு. எருமை மேய்த்த தோடர்களுக்கு அது தரிசு இல்லை என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை.

இவ்வளவு மழை பெய்கிற இடத்தில் மேட்டில் மட்டும் ஏன் மரம் இல்லை? தோடர்கள் தீ வைத்தும் மேய்த்தும் காட்டை அழித்திருப்பார்கள் என்பது வசதியான பதில். 1938-ல் வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் வேறொரு பதில் சொன்னார்: உறைபனி.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் தரையோரக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சோலை மரங்கள் பெரும்பாலும் வெப்பமண்டலக் குடும்பங்களைச் சேர்ந்தவை, நாவல் மரத்தின் உறவினர்கள் மாதிரி. காட்டின் கூரைக்கடியில் கதகதப்பாக முளைக்கும் அவற்றின் கன்று, பத்தடி தள்ளிப் புல்லில் முளைத்தால் ஒரே இரவில் கருகிப்போகும். புல்லும் கருகத்தான் செய்யும். ஆனால் அதன் குருத்து நுனியில் இல்லை. அடியில், மண்ணோடு ஒட்டிப் பத்திரமாக இருக்கிறது. மேலே எல்லாம் போனாலும் மழை விழுந்ததும் எழுந்துவிடும். பனி, தீ, எருமையின் வாய் மூன்றுக்கும் அதே ஏற்பாடுதான். மரங்களில் ரோடோடெண்ட்ரான் ஒன்றுதான் தைரியமாகப் புல்வெளி நடுவே சிவப்பாகப் பூத்து நிற்கும். இமயமலைச் சொந்தம், தடித்த பட்டை. அதைக் குளிருக்குப் பழக்கத் தேவையில்லை.

ரங்கநாதனோடு விவாதித்தவர்கள் இருந்தார்கள், தீதான் காரணம் என்று. இன்றுவரை அந்த வழக்கு முழுசாக முடியவில்லை. ஆனால் புல்லின் வயதைப் பற்றிச் சதுப்பு மண் சாட்சி சொன்னது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறுவேறு; மக்கிய பிறகும் அந்த வித்தியாசம் மண்ணில் தங்கிவிடும். 1993-ல் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பின் மண்ணை அப்படிப் படித்து, 20,000 ஆண்டு வரலாற்றை வெளியிட்டார்கள். பனியுகத்தின் உச்சத்திலேயே அங்கே புல் இருந்திருக்கிறது. தென்னிந்தியாவில் கால்நடை வளர்ப்புக்கே ஏறத்தாழ 5,000 ஆண்டு வயதுதான். அப்போ தோடர்கள் மேல் போட்ட பழி?

எனக்கு ஆறாத விஷயம் வேறு. வெள்ளைக்காரர்கள் போன பிறகும் மரம் நடுவது நிற்கவில்லை. தோல் பதனிடும் பட்டைக்கு, செயற்கைப் பட்டுக்கான மரக்கூழுக்கு என்று இன்னும் வேகமெடுத்தது. பழனி மலையில் மட்டும் சுமார் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. ஊட்டி அருகே கிளென்மார்கனில் ஒரு சிறு நீர்ப்பிடிப்பைப் புல்லாகவே விட்டு, இன்னொன்றில் கற்பூர மரம் நட்டு அளந்து பார்த்தார்கள். மரம் நின்ற பக்கம் முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. பவானி இந்த மலையில்தான் பிறக்கிறது. ஈரோட்டு வயல் வரை அந்தக் கணக்கு நீளும்.

இப்போது சீகையை வெட்டலாம் என்கிறார்கள். அதுவும் லேசுப்பட்டது இல்லை. வெட்டினால் வேரிலிருந்து துளிர்க்கிறது. அதன் விதை பல பத்தாண்டு மண்ணுக்குள் தூங்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். புல்லிடம் இருக்கும் அதே சாமர்த்தியம்தான், இன்னொரு கண்டத்தில் கற்றுக்கொண்டது. கூத்து என்னவென்றால், பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், பனி படாத இடத்தில், சோலைக் கன்றுகள் முளைத்து வருகின்றன. அதையும் சேர்த்து வெட்டுவதா? அங்கே கைவைக்காமல், இன்னும் புல் மிஞ்சியிருக்கும் மேடுகளில் ஏறும் இளஞ்சீகையை முதலில் பிடுங்குவதே சரி என்று எனக்குப் படுகிறது.

தோடர்களின் கோயில், அவர்களுக்கு அதுவே பால்மனையும்கூட, சதுப்பில் வளரும் ஒரு தனிப் புல்லால் வேயப்படுவது. கூரை பழசானால் மாற்றியே ஆக வேண்டும். அந்தப் புல் வளரும் சதுப்புகள் இப்போது குறைவு.