மேசைமேல் ஒரு போர்க்களம்

சதுரங்கம் என்னும் சொல் தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய நால்வகைப் படையைக் குறிப்பது. போரை ஆட்டமாக்கி மேடைமேல் நிறுத்திய இந்தக் கலை நம் நாட்டில் தோன்றிப் பாரசீகத்தின் வழியே மேற்கே சென்றது. பிற்காலத்தில் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் நிலப்படத்தின்மீது கட்டைகளை நகர்த்தி ஆடும் போராட்டம் ஒன்றை வகுத்தனர். 1824-ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படை அதை அதிகாரிகளின் பயிற்சிக்கென ஏற்றது. கணிப்பொறி இல்லங்களுக்குள் புகுந்தபோது எழுந்த டாங்கிப் போர் ஆட்டமும் இம்மரபின் வழித்தோன்றலே ஆகும்.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பேட்டில்சோன்' என்னும் காசு இயந்திர ஆட்டத்தை வெளியிட்டது. இருண்ட திரையில் பச்சை ஒளிக்கோடுகளே மலைகளாகவும் டாங்கிகளாகவும் தோன்றின. அந்நாட்டுப் படையினர் இதைக் கண்டு, தம் வீரர்களுக்குக் குறிபார்க்கும் பயிற்சி தர இதன் மாற்றுவடிவம் ஒன்று வேண்டினர். ஆட்டத்தை இயற்றிய எட் ராட்பர்க் படைக்காக உழைக்க விரும்பவில்லை. எனினும் அம்மாற்றுவடிவம் அவர் கையாலேயே உருவாயிற்று. பொழுதுபோக்குக்கும் போருக்கும் இடையிலுள்ள வேலி எத்துணை மெல்லியது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அவ்வாட்டத்தில் டாங்கி ஒன்றே. அதை நடத்துபவனும் ஒருவனே. மெய்யான டாங்கியில் தலைவன், குறிபார்ப்பவன், குண்டு நிரப்புபவன், ஓட்டுநன் என நால்வர் ஓருடல்போல் இயங்க வேண்டும். இவ்வுண்மையை இல்லக் கணிப்பொறிக்குள் கொணர்ந்தது, மேரிலாண்ட் மாநிலத்து மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'எம்-1 டாங்க் பிளாட்டூன்'. ஆர்னல்ட் ஹெண்ட்ரிக் என்பவர் அதை வகுத்தார். நான்கு டாங்கிகள், பதினாறு வீரர்கள் அடங்கிய ஓர் அணி ஆடுபவரின் பொறுப்பில் வந்தது. அவர் நிலப்படத்தைப் பார்த்து ஆணையிடலாம். வேண்டும்போது ஒரு டாங்கிக்குள் புகுந்து ஓட்டலாம், குறிபார்த்துச் சுடலாம். உடல் வெப்பத்தால் பகைவரைக் காட்டும் கண்ணாடியும், தொலைவை அளக்கும் லேசர் கதிரும் அதில் உண்டு.

இத்தனை கருவிகள் இருந்தும் வெற்றியைத் தீர்மானித்தது நிலமே. மேட்டின் பின்னே உடலை மறைத்துப் பீரங்கியை மட்டும் வெளிக்காட்டி நின்ற டாங்கி பிழைத்தது. வெட்டவெளியில் விரைந்தது அழிந்தது. 1965-ஆம் ஆண்டு செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் களத்தில் நம் படையினர் வயல்களில் நீர் பாய்ச்சிப் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளைச் சேற்றில் சிக்கவைத்த வரலாற்றை அறிந்தோர்க்கு இப்பாடம் புதிதன்று.

ஆட்டத்தின் சிறப்பு வேறொன்றிலும் இருந்தது. பதினாறு வீரர்க்கும் தனித்தனியே பெயர் உண்டு. களம் பல கண்டவர் திறம் பெற்றனர். பதவி உயர்வும் பதக்கமும் பெற்றனர். மாண்டவரின் இடத்துக்குப் பழக்கமற்ற புதியவர் வந்தனர். ஆதலால், வென்ற பின்னும் ஆடியவர் எத்தனை பேர் மீண்டனர் என்று பட்டியலை நோக்கினர். சதுரங்கத்துக் காலாளுக்கு இந்த மதிப்பு என்றும் கிட்டியதில்லை.

அந்த ஆட்டம் கற்பனை செய்த போர், மத்திய ஐரோப்பாவில் சோவியத் படைகளை எதிர்த்து நடக்கவிருந்த பெரும்போர். அதே 1989-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் மதில் திறந்தது. 1991-ஆம் ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமே கலைந்தது. இரு தரப்பினரும் நாற்பது ஆண்டுகள் அஞ்சி ஆயத்தம் செய்த அப்போர் நிகழவேயில்லை. எம்-1 டாங்கிகள் பெரும்போர் கண்டது 1991-இல் ஈராக், குவைத் பாலைவனங்களில்.

கணிப்பொறியில் தோற்றவர் மீண்டும் தொடங்கலாம். எரிந்த டாங்கி மறு ஆட்டத்தில் எழுந்து நிற்கும். மெய்யான களத்தில் அவ்வசதி இல்லை. நிகழாது போன ஒரு போரின் சுவடு பழைய ஆட்டமொன்றில் மட்டும் எஞ்சியிருப்பது மனிதகுலத்தின் நற்பேறு என்றே நாம் கருதுகிறோம்.