மிதக்கும் ஈயா, மூழ்கும் ஈயா? ஒரு தூண்டில் சண்டையின் வரலாறு

தூண்டில் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு கழி, ஒரு நரம்பு, ஒரு தக்கை, முள்ளில் குத்திய மண்புழு. போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் இங்கிலாந்தில் ஒரு கூட்டத்தாருக்கு இதெல்லாம் மீன்பிடிப்பே இல்லை! முள்ளில் சேவல் இறகையும் பட்டு நூலையும் சுற்றி ஒரு பொய் ஈ செய்து, அதைத் தண்ணீரில் மூழ்காமல் மிதக்கவிட்டு டிரவுட் மீனை ஏமாற்ற வேண்டும். அதுதான் கலை. இந்தக் குட்டி ஈ மூழ்கலாமா கூடாதா என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவர்கள் சண்டை போட்டார்கள். அதன் முடிவில் 80 வயதுக்காரர் ஒருவர், தான் 55 ஆண்டுகள் மீன்பிடித்த ஆற்றங்கரையை விட்டுப் போக நேர்ந்தது.

கண்ணாடி போன்ற ஆறுகள்

டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஆங்கிலேயர் காலத்தில் இதற்கென்றே ஒரு பண்ணை வைத்தார்கள். ஆனால் இந்தக் கதை நடப்பது தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், டெஸ்ட், இட்சன் என்ற இரண்டு ஆறுகளில்.

அந்தப் பகுதி முழுக்கச் சுண்ணாம்புக் குன்றுகள். பெய்யும் மழை பாறைக்குள் இறங்கி, வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளியே வருகிறது. அதனால் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கோடையிலும் அதிகம் சூடாகாது. கரையில் நிற்பவனுக்கு மீன் தெரியும். மீனுக்கும் அவனைத் தெரியும்!

கோடையின் வெயில் நேரத்தில் மீன்கள் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். வெயில் தாழ்ந்ததும் காட்சி மாறுகிறது. மேஃப்ளை இனப் பூச்சிகள் மாதக்கணக்கில் ஆற்றுக்கு அடியில் இளம்பூச்சிகளாக வாழ்ந்து, நீர்மட்டத்துக்கு நீந்தி வந்து, தோலுரித்துச் சிறகு விரித்துப் பறக்கின்றன. நம்மூர் ஈசலைப் போல இவற்றின் சிறகு வாழ்க்கையும் மிகக் குறுகியது. வளர்ந்த பூச்சிக்குச் சாப்பிட வாய்கூடச் சரியாகக் கிடையாது. இணை சேர்ந்து, பெண் பூச்சி முட்டையிட்டுவிட்டு நீரிலேயே விழுந்து சாகும். இந்த வருகையும் சாவும் பெரும்பாலும் கோடை மாலையில்தான். அப்போது ஆறெங்கும் சின்னச் சின்ன வளையங்கள் தோன்றும். ஒவ்வொன்றும் ஒரு மீனின் வாய். இருட்டுவதற்குள் தூண்டில்காரனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

அல்ஜீப்ரா வாத்தியாரின் முள்

ஈயை மிதக்கவிடும் யோசனை 1841இல் ஜார்ஜ் புல்மன் எழுதிய நூலிலேயே இருக்கிறது. நனைந்த ஈயைக் காற்றில் முன்னும் பின்னும் வீசி, ஈரத்தை உதறிவிட்டு மறுபடி மிதக்கவிடுவார்கள். 'உலர் ஈ' என்ற பெயர் இப்படி வந்ததுதான். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கால ஈ முள்ளுக்குக் கண் கிடையாது. மெல்லிய நரம்பை முள்ளோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். திரும்பத் திரும்ப உதறினால் கட்டின இடத்திலேயே நரம்பு அறுந்து ஈ பறந்துவிடும்.

1879 வாக்கில் இதற்கு ஒரு தீர்வு வந்தது. நூல் கோக்கக் கண் வைத்த சிறிய முள்ளை நண்பர் ஒருவரோடு சேர்ந்து உருவாக்கியவர் எச்.எஸ். ஹால். பெயர் எங்கோ கேட்டது போல இருக்கிறதா? 'ஹால் அண்ட் நைட்' அல்ஜீப்ரா புத்தகத்தின் அதே ஹால்தான்! கிளிஃப்டன் கல்லூரியில் கணக்கு வாத்தியார். இந்திய மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட கணக்குகளைத் தந்தவர், ஓய்வு நேரத்தில் தூண்டில் முள்ளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஹால்ஃபோர்டின் சட்டம்

அதே 1879இல் வின்செஸ்டரில் ஒரு தூண்டில் கடையில் இருவர் சந்தித்தார்கள். ஒருவர் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட், வசதியான வியாபாரக் குடும்பத்துக்காரர். மற்றவர் ஜார்ஜ் செல்வின் மேரியட், அந்நாளின் மிகச் சிறந்த டிரவுட் பிடிப்பாளர் என்று பேர் வாங்கியவர். இருவரும் சேர்ந்து ஆற்றுப் பூச்சிகளைச் சேகரித்தார்கள், மீன் வயிற்றைச் சோதித்தார்கள், நிறத்துக்கு நிறம் பொருத்தி ஈ கட்டினார்கள். 1886இலும் 1889இலும் ஹால்ஃபோர்டின் முதல் இரண்டு நூல்கள் வந்தன. தன் பெயரையும் போடச் சொன்னபோது மேரியட் மறுத்துவிட்டார்.

அந்த நூல்களின் முறை எளிது. மீன் மேலே வந்து பூச்சியை எடுப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே வீச வேண்டும். மீனுக்குப் பின்னால் நின்று, ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி வீச வேண்டும். மீன் தின்னும் அதே பூச்சியின் வடிவத்தில் ஈ இருக்க வேண்டும். நூல் ஈயை இழுத்துவிடாமல் ஓட்டத்தோடு இயல்பாக மிதந்து வர வேண்டும். தெளிந்த நீரில் இது அருமையாக வேலை செய்தது. 1890இல் ஹால்ஃபோர்ட் அனுப்பிய ஈக்கள் அமெரிக்காவில் தியோடர் கார்டனிடம் போய்ச் சேர, அங்கும் உலர் ஈ வேரூன்றியது.

வினை எங்கே வந்தது? நல்ல முறை மெல்ல மெல்ல சட்டமானது. மிதக்கும் ஈ தவிர வேறு எதையும் வீசுபவன் கனவான் இல்லை என்ற எண்ணம் பரவியது.

சாப்பாட்டுத் தட்டில் ஆதாரம்

ஜி.இ.எம். ஸ்க்யூஸ் லண்டனில் வழக்கறிஞர். 1883 முதல் இட்சன் ஆற்றில் அபட்ஸ் பார்ட்டன் என்ற இடத்தில் மீன்பிடித்தவர். ஆரம்பத்தில் அவரும் ஹால்ஃபோர்டின் பக்தர்தான். ஆனால் தற்செயலாக நனைந்து மூழ்கிய ஈயை மீன் கவ்வுவதைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. எலும்பு மஜ்ஜை எடுக்கும் நீண்ட கரண்டியால் பிடித்த மீனின் வயிற்றிலிருந்ததை எடுத்து, தண்ணீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் கரைத்துப் பார்த்தார். சிறகு முளைத்த பூச்சிகளைவிட, சிறகு முளைக்காத இளம்பூச்சிகளே மிகுதி. மேலே வளையம் தெரிந்தாலும் மீன் பல நேரம் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழேதான் தின்கிறது என்பது புரிந்தது. மாலையில் கண்முன்னே மீன்கள் தின்றுகொண்டே இருக்க, மிதக்கும் ஈயை மட்டும் அவை தொடாமல் விடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1910இல் ஸ்க்யூஸ் இதை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு ஹால்ஃபோர்ட் 33 ஈ வகைகளே போதும் என்று தன் முறையை முடித்துவைத்து எழுதினார். 1914இல் ஹால்ஃபோர்ட் இறந்தார். சீடர்கள் விடவில்லை. இளம்பூச்சி போல ஈ கட்டி மூழ்கவிடுவது பிள்ளைத்தனம், குட்டி மீன்களைக் காயப்படுத்தும், நியாயமான ஆட்டம் இல்லை என்றார்கள். பிப்ரவரி 1938இல் லண்டன் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்கென்றே ஒரு விவாதம் நடந்தது. அந்த ஆண்டோடு, சக உறுப்பினர்களின் ஆட்சேபம் தாங்காமல் ஸ்க்யூஸ் அபட்ஸ் பார்ட்டனை விட்டு விலகினார்.

ஆறு சொன்ன தீர்ப்பு

1949இல், 90 வயதில் ஸ்க்யூஸ் இறந்தார். அவருடைய சாம்பல் அதே இட்சன் கரையில்தான் தூவப்பட்டது. 1958இல் ஃபிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர், மூழ்கும் ஈ பற்றி எழுதிய நூல் உலகம் முழுக்கப் பரவியது. இன்று ஹாம்ப்ஷயர் ஆறுகளில் பல இடங்களில் ஜூன் வரை மிதக்கும் ஈ மட்டும், ஜூலையிலிருந்து மூழ்கும் ஈயும் என்று சமாதானம் ஆகிவிட்டது.

ஹால்ஃபோர்ட் தவறானவர் என்று சொல்லிவிட முடியாது. ஆற்றை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்த மாணவர் ஸ்க்யூஸ். பார்க்கச் சொன்ன குருவின் பேரைச் சொல்லியே, பார்த்ததைச் சொன்னவரைத் துரத்திவிட்டார்கள்! இந்தச் சண்டை எதுவும் தெரியாமல் டிரவுட் மட்டும் கோடை மாலைகளில் மேலேயும் கீழேயும் கிடைத்ததைத் தின்றுகொண்டிருக்கிறது.