மூச்சுப்பையில் எஞ்சுவது: தூய ஆக்சிஜனின் வரலாறு

1880 நவம்பரில், செவர்ன் ஆற்றின் அடியில் இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கத் தோண்டப்பட்ட ரயில் சுரங்கத்துள் அலெக்சாண்டர் லாம்பர்ட் என்னும் முக்குளிப்பாளர் இருளில் இறங்கினார். முந்தைய ஆண்டு பீறிட்ட ஊற்று அச்சுரங்கத்தை மூழ்கடித்திருந்தது. நீரை இறைக்க வேண்டுமெனில், ஆயிரம் அடிக்கு அப்பாலிருந்த இரும்புக் கதவை முதலில் அடைக்க வேண்டும். மேலிருந்து காற்றூட்டும் நீண்ட குழாயை இழுத்துச்சென்ற முயற்சி தோற்றிருந்தது. இம்முறை லாம்பர்ட் அணிந்திருந்தது ஹென்றி ஃபுளூஸ் வடிவமைத்த மீள்சுவாசக் கருவி. கதவு அடைக்கப்பட்டது.

அக்கருவியில் வெளிமூச்சு வீணாவதில்லை. அதிலுள்ள கரியமில வாயுவை எரிபொட்டாஷ் உறிஞ்சிக்கொள்ளும். குறையும் ஆக்சிஜனை உருளை ஈடுசெய்யும். அதே வளி மூச்சுப்பை வழியாக மீண்டும் நுரையீரலை அடையும். சிக்கனமான இவ்வமைப்பிலேயே அதன் ஆபத்தும் அடங்கியுள்ளது. ஆக்சிஜனோடு நைட்ரஜன் கலந்திருந்தால், உடல் முன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பின்னது பையில் தங்கிப் பெருகும். மூச்சுத்திணறலை உணர்த்துவது பெரும்பாலும் கரியமில வாயுவே. அது அகற்றப்பட்டுவிடுவதால், ஆக்சிஜன் குறைவதை அறியாமலேயே முக்குளிப்பாளர் நினைவிழப்பார்.

எனவே ஆக்சிஜன் எவ்வாறு கிடைத்தது என்பது உயிர் சார்ந்த வினாவாயிற்று. அக்காலத்தில் பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கி அதைப் பெற்றனர். 1886இல் லண்டனில் தொடங்கிய பிரின் நிறுவனம் பேரியம் ஆக்சைடு கொண்டு காற்றிலிருந்து பிரித்தது. அதன் தொடக்ககால வாடிக்கையாளர்களுள் நாடக அரங்குகளின் சுண்ண விளக்கை ஏற்றியோர் முக்கியமானவர்கள். விளக்கில் எஞ்சிய நைட்ரஜன் சுடரின் வெப்பத்தைச் சற்றே குறைக்கும். மூச்சுப்பையில் அதுவே ஆளைக் கொல்லும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிண்டே காற்றைத் திரவமாக்கி வடித்துப் பிரித்த பின்னரே மிகத் தூய ஆக்சிஜன் பெருமளவில் கிடைத்தது.

அதுவும் போதவில்லை. நுரையீரலிலும் பையிலும் ஏற்கெனவே உள்ள காற்றில் நைட்ரஜன் இருப்பதால், இறங்குமுன் அதை வெளியேற்றும் முறையைக் கடற்படைகள் கட்டாயமாக்கின. மறுபுறம், அழுத்தம் மிகுந்தால் ஆக்சிஜனே வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பால் பெர் 1878இலேயே காட்டியிருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படைக்காகக் கென்னத் டொனால்ட் நடத்திய சோதனைகள், தூய ஆக்சிஜனுடன் 25 அடிக்குக் கீழ் செல்வது இடர்மிக்கது என உறுதிசெய்தன.

இப்படிப்பினை இன்றும் பொருந்தும். 2021இல் இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் நிறுவப்பட்ட பிஎஸ்ஏ ஆலைகள் தருவது ஏறத்தாழ 93 விழுக்காடு ஆக்சிஜன். எஞ்சுவதில் பெரும்பகுதி ஆர்கான். நோயாளியின் வெளிமூச்சு அறைக்குள் கலைந்துவிடுவதால் அவருக்கு அதனால் தீங்கில்லை. மூடிய சுற்றிலோ, மிதமாக நீந்துபவர் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ஆக்சிஜனைச் செலவிட்டால், ஒரு மணி நேரத்தில் ஏழு லிட்டருக்கு நெருக்கமான வேற்று வளி பையில் சேர்ந்துவிடும். அது ஒருவரின் நுரையீரலையே நிரப்பப் போதுமானது.

ஆக்சிஜனின் தூய்மை என்பது ஓர் எண்ணால் மட்டும் முடிவாவதன்று. வெளிமூச்சு எங்கே செல்கிறது என்பதையும் பொறுத்தது. மருத்துவத்துக்கும் பற்றவைப்புக்கும் ஒரே திரவத்திலிருந்தே ஆக்சிஜன் நிரப்பப்படக்கூடும். ஆயினும் நிரப்புமுன் உருளை வெற்றிடமாக்கப்பட்டதா, நிரப்பியபின் பகுப்பாய்வு செய்யப்பட்டதா என்று முக்குளிப்பாளர்கள் கேட்பது இதனாலேயே.