அசையும் வானமும் அதைப் பதிந்த கண்ணாடியும்

கல்முனைக்கும் அதனை அடுத்த மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களுக்கும் கிழக்கே கடல், மேற்கே வயல். ஞாயிறும் திங்களும் விண்மீன்களும் கடலில் எழுந்து வயலில் மறைவதே இவ்வூர்களின் வானம். மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் இங்குள்ள மக்கள் மேற்கு நோக்கித் தலைப்பிறையைத் தேடுவர். வானை உற்று நோக்குவது இக்கரைக்குப் புதிய பழக்கமன்று. அதன் அசைவைப் படமாகப் பதிந்து வைப்பதே புதியது. கமராவை ஓரிடத்தில் நிறுத்திக் குறித்த இடைவெளியில் படங்களை எடுத்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விரைவாக ஓட்டிக் காண்பது இன்று பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. ஆயினும் அதன் தொடக்கம் பொழுதுபோக்கன்று.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்வதாகத் தோன்றுகின்றது. கடிகாரத்தின் சிறிய முள் நகரும் வேகத்திற் பாதியே அது. ஆகவே வானம் நகர்ந்தது என்பதை அறிகின்றோமேயன்றி, அது நகர்வதைக் கண்ணாற் காண்பதில்லை. கண்ணின் இக்குறையை நிறைவுசெய்ய முதன்முதல் முயன்றவர்களுள் தலையாயவர் பிரான்சு நாட்டு வானநூல் அறிஞர் ஜூல்ஸ் ஜான்சன்.

தென்னாடு ஜான்சனுக்கு அறிமுகமான இடமே. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரிலிருந்து அவர் ஆராய்ந்தார். 1871 டிசம்பர் 12ஆம் நாள் கிரகணத்தின்போது நீலகிரி மலையில் இருந்தார். அந்தக் கிரகணத்தின் நிழல் தமிழகத்தைக் கடந்து, யாழ்ப்பாணத்தின் மீதும் திருகோணமலையின் மீதும் படிந்து சென்றது. சில நிமிடங்களில் முடிந்துவிடும் காட்சியை மனிதக் கண்ணும் கையும் எவ்வளவு பிழையாகக் குறிக்கின்றன என்பதை அக்கால அறிஞர் அனைவரும் உணர்ந்திருந்தனர்.

1874 டிசம்பர் 9ஆம் நாள் வெள்ளிக்கோள் சூரியனின் முகத்தைக் கடந்து செல்லவிருந்தது. அது சூரியனின் விளிம்பைத் தொடும் கணத்தைத் துல்லியமாகக் குறித்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிடலாம் என்பது அறிஞர்களின் நம்பிக்கை. கைத்துப்பாக்கியின் சுழலும் உருளையைப் பார்த்து ஜான்சன் ஒரு கருவியை அமைத்தார். அதிலே வட்டமான தகடு ஒன்று விட்டு விட்டுச் சுழலும். ஒன்றரை விநாடிக்கு ஒரு படமாக 48 படங்கள் அதில் பதியும். ஜப்பானின் நாகசாகி நகரில் அக்கருவி இயங்கியது. எதிர்பார்த்த நுட்பத்தை அப்படங்கள் தரவில்லை. ஆனால் காலத்தைச் சம துண்டுகளாக வெட்டிப் பதியலாம் என்னும் எண்ணம் உலகிற்குக் கிடைத்தது. 1882இல் மரே என்பவர் பறவைகளின் பறப்பை ஆராய அதே வழியைப் பின்பற்றினார். 1895இல் லூமியேர் சகோதரர் திரைப்படத்தை மக்கள்முன் காட்டினர். இன்று ஊர்தோறும் காணப்படும் சினிமாவின் மூதாதையருள் வானநூலும் ஒன்று.

இதற்கு நேர்மாறான மற்றொரு முயற்சி தமிழகத்திலேயே நடந்தது. ஜான்சன் விநாடிகளைப் பிடித்தார். கொடைக்கானல் வானாய்வகம் ஆண்டுகளைப் பிடித்தது. 1904ஆம் ஆண்டு முதல் அங்கே முகில் மறைக்காத நாளெல்லாம் சூரியனைப் படம்பிடிக்கும் வழக்கம் நிலைபெற்றது. ஒரு தகட்டைத் தனியே எடுத்துப் பார்த்தால் சில கரும்புள்ளிகளைத் தவிர வேறில்லை. பல ஆண்டுத் தகடுகளை வரிசைப்படுத்தினாலோ, அப்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைவது கண்முன் தெரியும். இந்நூற்றாண்டில் அத்தகடுகள் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. நூறாண்டுச் சூரியனைச் சில நிமிடங்களில் காணலாம். முதல் தகட்டைக் கழுவி உலர்த்தியவர் கணினி என்னும் சொல்லையே கேட்டிருக்க மாட்டார். அவர் செய்ததெல்லாம் நாளையும் நேரத்தையும் தவறாது குறித்து வைத்ததே.

இடைவிடாத பதிவின் அருமையை 1955 ஜூன் 20ஆம் நாள் முழுக் கிரகணம் இலங்கைக்கு உணர்த்தியது. பொலன்னறுவைப் பக்கத்தில் வெளிநாட்டுக் குழுவினர் பெருங்கருவிகளுடன் கூடியிருந்தனர். முகில் திரண்டு அவர்களுட் பெரும்பாலோரின் உழைப்பைக் கெடுத்தது. ஒரே நாளை நம்பியவருக்கு முகில் பேரிழப்பு. நாள்தோறும் பதிபவருக்கு அது ஒரு வெற்றிடம் மட்டுமே.

இப்பொழுது கல்முனைக் கரையில் ஓர் இளைஞர் கமராவை நிறுத்துவாரானால் அவர் காண்பது என்ன? பத்து விநாடிக்கு ஒரு படமாக ஒரு மணி நேரத்தில் 360 படங்கள் சேரும். விநாடிக்கு 24 படமாக ஓட்டினால் அது 15 விநாடிக் காட்சியாகும். வடதுருவ விண்மீன் இங்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 7 பாகை உயரத்திலேயே நிற்கின்றது. ஆகையால் மேனாட்டு நூல்களிற் காணும் பெருஞ் சுழற் கோலம் இங்கே அமையாது. விண்மீன்கள் கடலிலிருந்து ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழும். சற்றே தெற்கு நோக்கிச் சாயும். வாடைக்காற்று மழையைக் கொணரும் மாதங்கள் இதற்கு உதவா. கச்சான் வீசும் வறண்ட மாதங்களில் பால்வீதியின் செறிந்த பகுதி இரவில் உயர்ந்து நிற்கும். கடலின் உப்பு ஈரம் வில்லையைப் படலமாக மூடுவதால் அடிக்கடி துடைத்தல் வேண்டும்.

இவ்வாறு எடுக்கும் காட்சி கண்ணுக்கு இன்பம் தரும். பலர் அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். கரையோர ஊர்களில் மின்விளக்குகள் பெருகப் பெருக, மங்கிய விண்மீன்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பாட்டனார் கண்ட வானம் பேரன் காணும் வானமன்று. எந்த ஆண்டில் எந்த விண்மீன் மறைந்தது என்பதை நினைவினாற் சொல்ல எவராலும் இயலாது. நாளும் மணியும் இடமும் குறித்த படங்களே அதைச் சொல்லும். ஒரே இடத்தில், ஒரே திசையில், மாதத்திற்கு ஓர் இரவேனும் எடுத்துக் குறித்து வைத்தால், கல்முனைக் கரைக்கும் கொடைக்கானலின் தகடுகளைப் போன்ற ஒரு செல்வம் சேரும். குறிப்பில்லாத படம் அழகோடு முடிந்துவிடும். குறிப்புள்ள படம், எடுத்தவர் எண்ணிப் பாராத கேள்விக்கும் என்றோ ஒருநாள் விடை தரும்.